கண்ணுக்குள் ஒரு ரசமட்டம்

ஜனவரி மாதம் எங்கள் மலையில் யாருக்கும் பேச நேரமிருக்காது. காப்பிப் பழம் சிவந்துவிட்டால் பறித்தாக வேண்டும். பறித்ததை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலுரித்தாக வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் குவியல் சூடேறிப் புளிக்க ஆரம்பித்துவிடும். அதனால் அந்த மாதத்தில் பல்பர் நின்ற வீட்டில் அடுப்பு எரிகிறதோ இல்லையோ, முதலில் பூவப்பாவுக்குப் போன் போகும்.

பூவப்பா கொட்டிகெஹாரத்துக்கு மூன்று மைல் தள்ளி ஒன்றரை ஏக்கர் தோட்டம் வைத்திருந்தார். ஆனால் ஊரில் அவருக்கு மரியாதை தோட்டத்தால் வந்ததல்ல. பல்பர், பம்புசெட், மிளகு உதிர்க்கும் மெஷின் எதுவானாலும் காது வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஒரு குறை, அவருக்கு வண்டி ஓட்ட வராது. மனைவி வனஜாட்சி ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்து போவார். போகிற வழியெல்லாம் பேச்சு. எதிரே வருகிறவர்கள் அவரைப் பார்ப்பதற்கு முன் அவர் குரலைக் கேட்டுவிடுவார்கள்.

அன்று சண்ணே கவுடர் களத்தில் பல்பரின் இருசு இறுகிக்கொண்டது. பூவப்பா உளியை வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டார். ஐந்தாவது அடியில் இடது கண்ணில் ஊசி குத்தியது போல இருந்தது. கையை உதறிவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

"என்ன?" என்றாள் வனஜா.

"ஒண்ணுமில்ல. தூசி."

கண்ணில் தண்ணீர் வழிய வழிய வேலையை முடித்தார். பல்பர் ஓடியது. சண்ணே கவுடர் வீட்டில் அக்கி ரொட்டியும் சுட்ட கத்தரிக்காய் கொஜ்ஜும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். மறுநாள் கண்ணுக்குள் கொசு பறப்பது போல இருந்தது. கொசு பருவம்தானே என்று இருந்துவிட்டார். மூன்றாம் நாள் கீழ் மூலையிலிருந்து கறுப்பாக ஏதோ ஏறி வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பழம் பறிக்கிற நேரத்தில் மலை இறங்கினால் ஊரே திட்டும் என்று தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிடும்போது இலையின் இடது பக்கம் வைத்த ஊறுகாயைத் தொடாமல், "ஊறுகாய் எங்க?" என்று கேட்டார். வனஜா கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அவருடைய வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"எத்தன விரல்னு சொல்லுங்க."

"முதல்ல கையக் காட்டு. அப்புறம் எண்ணுறேன்."

"காட்டிட்டுத்தான் இருக்கேன்."

பூவப்பா பேசவில்லை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவர் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்று வனஜா பிறகு சொன்னாள். அவள் இலையை எடுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். கொட்டிகெஹாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மங்களூர் பஸ் ஏறினார்கள்.

மங்களூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜுலேகா என்று ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கடற்கரை முஸ்லிம்களான பியாரி வீட்டுப் பெண், பேச்சு கத்தரிக்கோல் மாதிரி. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், படம் எடுத்தார், மறுபடி பார்த்தார்.

"உள்ள இரும்புத் துண்டு இருக்கு. முன்பக்கம் ஓட்டை போட்டு நேரா போயி பின்சுவர்ல இடிச்சிருக்கு. அங்க விழித்திரை கிழிஞ்சு, சுவத்துக் காகிதம் உரியிற மாதிரி உரிஞ்சு வந்திருக்கு. எப்போ பட்டுச்சு?"

"மூணு நாளாச்சு," என்றாள் வனஜா.

"மூணு நாள் எதுக்குக் காத்திருந்தீங்க?"

"இரும்புதான, தானா துருப்பிடிச்சு உதிர்ந்துடும்னு இருந்திருப்பாரு டாக்டர்."

"துருப்பிடிக்கும். கண்ணையும் சேத்துத் துருப்பிடிக்க வைக்கும். நல்லவேளை, இன்னும் சீழ் வைக்கல. இன்னிக்கே ஆபரேஷன்."

பூவப்பா அதுவரை குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். "டாக்டரம்மா, ஒரு சந்தேகம். மெஷினைப் பிரிக்காம உள்ள இருக்கறத எப்படி எடுப்பீங்க?"

டாக்டர் அவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று வனஜா நினைத்தாள். அவரோ ஒரு காகிதத்தை இழுத்து வட்டம் போட்டார்.

"மூணு துளை போடுவேன். ஒண்ணு வழியா தண்ணி போயிட்டே இருக்கும், கண்ணு சுருங்காம இருக்க. ஒண்ணுல லைட்டு. இன்னொண்ணுல ஆயுதம். உள்ள இருக்கற கூழை எல்லாம் வெட்டி உறிஞ்சிட்டு, துண்டைக் காந்தத்துல பிடிச்சு வெளிய இழுப்பேன். அப்புறம் உரிஞ்சதைத் திரும்ப ஒட்டணும்."

"துளை எவ்வளவு அகலம்?"

"ஊசி அகலம். தையல்கூட வேணாம்."

"ஐயோ, அப்போ நீங்களும் நம்ம ஜாதிதான்!" என்றார் பூவப்பா. "வனஜா, பாத்தியா? மெக்கானிக்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் வெளியே வந்து வனஜாவிடம் தனியாகச் சொன்னது வேறு. "பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்போ நான் சொல்ல மாட்டேன். கண்ணு தங்குனாலே பெரிய விஷயம்." வனஜா சரி என்று தலையாட்டினாள். பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

கண்ணைச் சுற்றி மட்டும் மரக்க வைத்துத்தான் ஆபரேஷன் செய்தார்கள். துணிக்கு அடியில் பூவப்பாவுக்கு எல்லாம் கேட்டது. "வந்துடுச்சு" என்று டாக்டர் சொன்னதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உளியோட முனையா, சுத்தியலோட விளிம்பா, பாத்துச் சொல்லுங்க."

"பேசாதீங்க. நீங்க பேசினா தலை ஆடுது. தலை ஆடினா என் கை ஆடும்."

அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தார். அதற்குள் எள்ளில் பாதி அளவு இரும்பு. பூவப்பா அதை நல்ல கண்ணருகில் பிடித்துப் பார்த்தார். "உளி," என்றார் தீர்மானமாக. "மூடிகெரேல வாங்குன உளி. அந்தக் கடைக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"அது அப்புறம். இப்போ நான் சொல்றதக் கேளுங்க. ஒட்டுன விழித்திரை காயற வரைக்கும் பிடிச்சுக்க ஆள் வேணும். அதுக்குத்தான் கண்ணுக்குள்ள ஒரு காத்து அடைச்சிருக்கேன். காத்து எப்பவும் மேல போகும். கிழிஞ்ச இடம் பின்னால. அதனால நீங்க குப்புறவே இருக்கணும், பத்து நாள். சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குப்புற."

"பத்து நாளா?"

"இன்னும் முடியல. அந்தக் காத்து கரைய ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் மலை ஏறக் கூடாது."

"எங்க வீடே மலைமேலதான் டாக்டரம்மா."

"தெரியும். கீழ வாங்குன சிப்ஸ் பாக்கெட் உங்க ஊருக்கு வந்தா எப்படி இருக்கும்?"

"பலூன் மாதிரி உப்பி…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கை தானாகக் கண்கட்டின் பக்கம் போனது.

"அதேதான்," என்றார் டாக்டர். பூவப்பாவின் மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டையை மாட்டினார்கள். கண்ணில் காற்று இருக்கிறது, உயரத்துக்குக் கொண்டு போகாதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது.

மலைக்குக் கீழே தங்குவதற்கு அவர்களுக்கு இருந்தது ஒரே வீடு. குருவாயனகெரேயில் வனஜாவின் அக்கா ரோகிணி வீடு. அதைக் கேட்டதும் பூவப்பா குப்புறப் படுத்தபடியே கத்தினார்.

"சேசப்பா வீட்டுக்கா? அதுக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லி இன்னொரு கண்ணையும் எடுத்துடச் சொல்லு!"

சேசப்பா ரோகிணியின் புருஷன். பூவப்பாவுக்குச் சகலை. இருபத்தெட்டு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. சேசப்பா மகளின் கல்யாணத்தன்று கெட்டுப்போன மாவரைக்கும் மெஷினைப் பூவப்பா பழுது பார்த்துக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றி, அரை கொப்பரை மாவைச் சேசப்பாவின் பட்டு வேட்டிமேலும் சுவரிலும் இறைத்தது. கல்யாண போட்டோவில் இன்றைக்கும் சுவரில் மாவு தெரியும்.

ஆனால் வனஜா போன் செய்ததும் சேசப்பாவே வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பூவப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் நாடாக் கட்டிலின் தலைப்பக்கம் நாடாவைப் பிரித்து, முகம் வைக்கிற அளவுக்கு ஓட்டை செய்தார். விளிம்பில் பழைய துண்டைச் சுற்றித் தைத்தார். அந்த ஓட்டையில் முகத்தை வைத்துப் பூவப்பா படுத்தார். கீழே சிவப்புத் தரை தெரிந்தது. இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வெடித்த குதிகால், கட்டைவிரலில் கறுத்த நகம்.

"சௌகரியமா?" என்றன பாதங்கள்.

"ம்."

"நல்லது. இனி பத்து நாள் நீ எங்கயும் எழுந்து போக முடியாது, இல்லையா?"

"முடியாது."

சேசப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ ஆரம்பத்துலேருந்து சொல்றேன். கேட்டுக்கோ மகாராஜா."

வனஜா மறுநாளே மலை ஏறிவிட்டாள். சொந்தத் தோட்டத்தில் பழம் கொட்டிக்கொண்டிருந்தது. பூவப்பா அந்த நாற்காலிக்குக் கீழே மாட்டிக்கொண்டார்.

முதல் நாள் மாவு மெஷின். இரண்டாம் நாள் அதற்கு முன்னால் மாமனார் கருமாதியில் பூவப்பா பந்தியில் முதலில் உட்கார்ந்தது. மூன்றாம் நாள், ரோகிணிக்குச் சீராக வந்த பசுமாடு உதைத்தது. "அந்தப் பசு உதைச்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார் பூவப்பா. "நீதான அதை நல்ல பசுன்னு பார்த்துச் சொன்ன?" என்றன பாதங்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் விடுதலை. கட்டிலுக்குக் கீழே ரோகிணி கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக் குழல் போட்டுக் கொடுப்பாள். பாங்கடை மீன் குழம்பு வைத்த நாளில் முள்ளை எல்லாம் எடுத்துவிட்டுச் சோற்றை உருட்டி வைத்தாள். அதைப் பூவப்பா தலை கவிழ்ந்தபடியே எடுத்துத் தின்றார்.

"இந்த ஆளு ஏன் ஓயவே மாட்டேங்கறாரு அண்ணி?"

"இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸுல நின்னுட்டே பேசினவரு. இப்போ வீட்டுல உக்காந்து கேக்க யாரு இருக்கா? நீங்க வந்ததுலேருந்து அவருக்கு ரெண்டு தடவ பசிக்குது," என்று ரோகிணி சிரித்தாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பேச்சு நின்றது. பாதங்கள் அங்கேயே இருந்தன.

"முடிஞ்சுதா பாவா?" என்றார் பூவப்பா.

"முடிஞ்சுது."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மெஷின்ல தப்பு என்னுதுதான். அவசரத்துல ரெண்டு வயரை மாத்திக் கொடுத்துட்டேன். சுவிட்சைப் போட்ட அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு."

கறுத்த நகமுள்ள விரல் தரையைத் தேய்த்தது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்னவாம்?"

"அன்னிக்கு நீங்க மாவோட நிமிர்ந்து நின்னு கத்துனீங்க. நானும் நிமிர்ந்து நின்னுட்டேன்."

சேசப்பா எழுந்து போனார். போனவர் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து, ஒன்றில் குழலைப் போட்டு ஓட்டைக்கு நேரே பிடித்தார். முழங்கால் வலிக்கத் தரையில் உட்கார்ந்திருந்ததால் அன்று முதல்முறையாக அவர் முகமும் கொஞ்சம் தெரிந்தது.

பதினோராம் நாள் டாக்டர் ஜுலேகா நிமிர்ந்து உட்காரலாம் என்றார். விழித்திரை ஒட்டியிருக்கிறது. இனி காற்று கரைவதுதான் பாக்கி. மல்லாந்து படுக்கக் கூடாது, மலைப்பக்கம் தலை வைக்கக் கூடாது.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் சண்ணே கவுடர் போன் செய்தார். குரலில் அழுகை இருந்தது. பல்பருக்குள் கல் போய்விட்டது. உருளையின் பித்தளைத் தகடு கிழிந்துவிட்டது. களத்தில் அறுபது மூட்டைப் பழம். மூடிகெரே மெக்கானிக் நாளைக்கு மறுநாள்தான் வருவானாம். பூவப்பா வனஜாவுக்கு அடித்துப் பார்த்தார், அவள் எடுக்கவில்லை.

சேசப்பா மீன் வாங்கப் போயிருந்தார். ரோகிணி கொல்லைப்புறம் இருந்தாள். பூவப்பா சட்டையை மாட்டினார். சாலைக்கு வந்து, வந்த பஸ்ஸில் ஏறினார். போய் ஒரு மணி நேரம் நின்று சொல்லிவிட்டு மாலைக்குள் இறங்கிவிடலாம், அதற்குள் காற்று என்ன பெரிதாக விரிந்துவிடும் என்று நினைத்தார். பச்சைப் பட்டையைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார்.

சேசப்பா வந்து காலிக் கட்டிலைப் பார்த்தார். மீன் பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனை எடுத்தார். இருபத்தெட்டு வருடத்தில் அந்தத் தடத்தில் அவருக்குத் தெரியாத கண்டக்டர் கிடையாது.

மலையடிவாரச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. நின்றது கிளம்பவில்லை. கண்டக்டர் உள்ளே வந்து ஒவ்வொருவர் கையாகப் பார்த்தான்.

"பச்சை வளையல் போட்ட ஆள் யாரு? கொஞ்சம் கையக் காட்டுங்க எல்லாரும்."

பூவப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்த மீன்கார அம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து மேலே தள்ளினாள். "இதோ இங்க இருக்கு!"

"அண்ணே, இறங்குங்க. சேசப்பண்ணன் வர்றாரு. வர்ற வரைக்கும் பஸ் நகரக் கூடாதுன்னுட்டாரு."

"நான் டிக்கெட் எடுத்திருக்கேன். நீ யாரு நிறுத்த?"

"எதுக்குய்யா நிறுத்தியிருக்கீங்க?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அவரு கண்ணுக்குள்ள காத்து இருக்காம். மேல போனா டியூப் மாதிரி வெடிச்சுடுமாம்."

பஸ் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. "வெடிச்சா நம்ம மேல படுமா?" என்றது ஒரு குரல். "அட, முன்சீட்டுக்காரங்களுக்குத்தான் படும்," என்றது இன்னொன்று. மீன்கார அம்மா தன் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நல்ல மனுஷன் மாதிரி இருக்கீங்க, இறங்கிடுங்கண்ணா. எனக்கு ஒரே பொண்ணு," என்றாள்.

அதற்குள் சேசப்பாவின் மொபெட் வந்து பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றது. அவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். திட்டுவார் என்று பூவப்பா கழுத்தைச் சுருக்கினார். சேசப்பா அவர் கையைப் பிடித்தார்.

"பத்து நாள் உன் மூஞ்சிக்குக் கீழ உக்காந்து காவல் காத்திருக்கேன் பூவப்பா. அந்தக் கண்ணுல எனக்கும் பங்கு இருக்கு. இறங்கு."

பூவப்பா இறங்கினார். பஸ் கிளம்பும்போது பயணிகள் கை தட்டினார்கள்.

சாவடிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் வனஜாவிடமிருந்து போன் வந்தது.

"எத்தன தடவ அடிச்சிருக்கீங்க? கை முழுக்க கிரீஸு, எடுக்க முடியல."

"வனஜா, கேளு. சண்ணே கவுடர் பல்பர் உருளைத் தகடு…"

"கிழிஞ்சுடுச்சு. தெரியும். அவரு ஆள் விட்டுக் கூப்பிட்டாரு, போனேன். கொட்டகைல ஓடாத பழைய பல்பர் ஒண்ணு கிடக்குல்ல, அதுல இருந்த தகட்டைக் கழட்டிப் போட்டுட்டேன். ஆணி ஓட்டை மட்டும் நாலு சேரல, புதுசாத் துளைச்சேன். ஓடி அரை மணி ஆச்சு. சாப்பிட்டீங்களா?"

பூவப்பா போனைக் காதோடு அழுத்தினார்.

"இடைவெளி எவ்வளவு வச்ச?"

"ஒரு பழத்தைத் தோலோட நசுக்கிப் பாத்து வச்சேன். உங்கள மாதிரி காது வச்சுக் கேக்கல. கொட்டை ஒண்ணுகூட உடையல. இருபத்து மூணு வருஷமா பக்கத்துல நின்னு என்ன வேடிக்கையா பாத்தேன்? சரி, பின்னால பஸ் ஹாரன் கேக்குது, எங்க இருக்கீங்க?"

சேசப்பா போனைப் பிடுங்கினார். "எங்க வீட்டு வாசல்லதான் இருக்கோம் வனஜா. நீ வேலையப் பாரு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பூவப்பா கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூஞ்சியில் பெருமையும் கடுப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கின. "துளை போட்டிருக்கா பாவா. என்னக் கேக்காம நாலு துளை போட்டிருக்கா."

"டாக்டரம்மாகூட மூணுதான் போட்டாங்க," என்றார் சேசப்பா. கோளிபஜே போண்டா இரண்டு தட்டு சொன்னார்.

அதற்குப் பிறகு பூவப்பா ஓடவில்லை. கண்ணுக்குள் நடக்கிற வேடிக்கையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மேலே தெளிவு, கீழே கலங்கல், நடுவில் காற்றின் விளிம்பாக ஒரு கோடு. தலையைச் சாய்த்தாலும் கோடு சாயாது. "கொத்தனார் ரசமட்டம் மாதிரியே இருக்கு பாவா," என்று சொல்லி, அந்தத் தெருவில் எந்தச் சுவர் கோணல், எந்த வாசற்படி சரிவு என்று கண்ணாலேயே பார்த்துச் சொல்லிக்கொண்டு நடந்தார். சேசப்பா வீட்டுக் கூரைச் சட்டம் ஒன்று அரை அங்குலம் இறங்கியிருப்பதாகவும் சொன்னார். அதற்கு ஒரு நாள் சண்டை நடந்தது. கோடு தினம் ஒரு நூல் இறங்கியது. ஏழாவது வாரம் அது சுருண்டு ஒரு குமிழியாகி, குனிந்தால் மட்டும் பட்டாணி போல உருண்டது. ஒரு காலை பல் துலக்கும்போது தேடினார், அது இல்லை.

டாக்டர் ஜுலேகா வலது கண்ணை மூடச் சொல்லி, எழுத்துப் பலகையைக் காட்டினார். பூவப்பா மூன்று வரி படித்தார். நாலாவதில் நின்றுவிட்டார்.

"எழுத்தெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி நெளியுது டாக்டரம்மா."

"நெளியும். அது முழுசாப் போகாது. ஆனா மூணு வரி படிப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல." டாக்டர் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார், பக்கமெல்லாம் மூடியது. "இது இல்லாம இனி சுத்தியலைத் தொட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க."

"சுத்தியலை நான் ஒளிச்சு வச்சுடறேன் டாக்டர்," என்றாள் அழைத்துப் போக வந்திருந்த வனஜா.

மார்ச் மாதம். முதல் மழை இன்னும் வரவில்லை. ஆனால் தண்ணீர் பாய்ச்சிய தோட்டங்களில் காப்பி பூத்துவிட்டிருந்தது. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற பூவப்பா நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மற்றதால் மட்டும் வெளியே பார்த்து வந்தார். கொட்டிகெஹாரத்தில் ஸ்கூட்டர் ஏறினார்கள். வனஜா ஓட்டினாள். காற்று முழுக்க மல்லிகை போல வாசம்.

சண்ணே கவுடர் தோட்டத்துக்கு அடுத்த வளைவில் பக்கத்துத் தோட்டத்து லலிதம்மா கையை வீசிக்கொண்டு ஓடி வந்தாள்.

"வனஜா! நில்லு நில்லு! ஸ்பிரிங்க்ளர் இன்ஜின் நின்னுபோச்சு. பாதித் தோட்டம்தான் நனைஞ்சிருக்கு. மிச்சப் பாதி மொட்டு கருகிடும், கொஞ்சம் வந்து பாரேன்!" பிறகுதான் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள். "அட, பூவப்பண்ணா! வந்துட்டீங்களா? கண்ணு எப்படி இருக்கு?"

வனஜா வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பாக்கற?" என்றார் பூவப்பா. "கூப்பிட்டது உன்னத்தான. வண்டியத் திருப்பு."

இன்ஜின் ஓடைக்கரையில் இருந்தது. வனஜா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்பேனரை எடுப்பதற்குள் பூவப்பா தன் மூஞ்சியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். அவளுக்கு அது பெரிதாக இருந்தது. பிறகு பத்தடி தள்ளிப் போய் நின்றார். அவ்வளவு தூரம் தள்ளி நின்று வேலையைப் பார்ப்பது அவர் உடம்புக்குப் பழக்கமில்லாததால், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார்.

"டீசல் குழாயில காத்து…"

"வாய மூடிட்டு நில்லுங்க."

வாயை மூடிக்கொண்டார். வனஜா ஒரு மரையைத் தளர்த்தினாள். நுரையாக டீசல் வந்தது, பிறகு நுரையில்லாமல் வந்தது. இறுக்கினாள். லலிதம்மா கைப்பிடியைச் சுற்றினாள். இரண்டு தடவை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. தோட்டத்துக்கு நடுவில் குழாய்கள் சீறின. தண்ணீர் வளைந்து எழுந்து, சுற்றிக்கொண்டே செடிகளின்மேல் விழுந்தது.

வனஜா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டாள். "அந்தக் கண்ணுல பாருங்க. எப்படித் தெரியுது?"

பூவப்பா வலது கண்ணை மூடினார். வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி தெரியுது. ஆனா கோணலாப் போகுது."

"டாக்டர்தான் சொன்னாங்களே, நெளியும்னு."

"அது கண்ணோட கோணலா, நீ பொருத்துன கோணலான்னுதான் பாத்துட்டு இருக்கேன்."

கிரீஸ் துடைத்த துணி பறந்து வந்து அவர் மார்பில் விழுந்தது. வருவதை அவர் அந்தக் கண்ணாலேயே பார்த்துவிட்டார், ஆனாலும் விலகவில்லை.